வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து

தம்பி,

இந்தக் கடிதத்தை உன் பெட்டிக்குள், சட்டைகளுக்கு நடுவே வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அமெரிக்காவில் இறங்கிப் பெட்டியைத் திறப்பாய், அம்மாவின் கையெழுத்தைப் பார்த்ததும் கொஞ்சம் கண் கலங்குவாய், உடைந்துபோன ஊறுகாய் பாட்டிலைத் திட்டிக்கொண்டே இரண்டு வரி படிப்பாய் என்று மனக்கணக்குப் போட்டேன். பிறகுதான் உறைத்தது. அங்கே போய்ப் படித்து என்ன பிரயோசனம்? அங்கே உனக்கு வேறு வேலை, வேறு மேனேஜர், வேறு கவலை. நான் சொல்லப்போகும் காரியம் நீ விமானம் ஏறுவதற்கு முன்னால் இங்கே நடக்க வேண்டியது. அதனால் இதை உன் கம்ப்யூட்டர் மேலேயே வைக்கிறேன். இன்னொரு பிரதியை நம் மாதா கோவில் பங்கு இதழுக்கும் கொடுக்கப் போகிறேன். கோபப்படாதே. உன் பெயரும் இல்லை, உன் கம்பெனி பெயரும் இல்லை, அந்த ஆஸ்பத்திரியின் பெயரும் இல்லை. என் கையால் அந்தத் தாளை வாங்கியவர்களுக்கு எந்தத் தாள் என்று தெரியும். அவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இது ஊரறியும் கடிதமாகிறது.

முதலில் எல்லோருக்கும் புரிகிற மாதிரி சொல்லிவிடுகிறேன். போன வருஷம் உன் கம்பெனிக்கு ஒரு ஆஸ்பத்திரியின் வெப்சைட் வேலை வந்தது. அதில் ஆபரேஷனுக்கு வருகிறவர்கள் எப்படித் தயாராகி வர வேண்டும் என்று சொல்லும் பக்கத்தை நீதான் செய்தாய். கன்னடம், இங்கிலீஷ், தமிழ் என்று மூன்று மொழியில். தமிழை நம் சாப்பாட்டு மேஜையில் வைத்து என்னைத் திருத்தச் சொன்னாய். ரிட்டயர் ஆன டீச்சருக்கு அதைவிட வேறென்ன சந்தோஷம்? 'உட்கொள்ளுதல் தவிர்க்கப்படல் வேண்டும்' என்று யாரோ எழுதிக் கொடுத்திருந்ததை அடித்துவிட்டு, நம் தெருவில் இருப்பவர்களுக்குப் புரிகிற தமிழில் எழுதினேன். முந்தின ராத்திரியிலிருந்து சாப்பிடக் கூடாது. காலையில் வழக்கமாகப் போடும் மாத்திரைகளை ஒரு மடக்குத் தண்ணீரோடு போட்டுக்கொள்ளலாம். அதற்கு அடுத்து, ஒரு சிவப்புப் பட்டையில், வெள்ளை எழுத்தில்: 'ஆனால் சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் அன்று காலை வேண்டாம். வெறும் வயிற்றில் போட்டால் சர்க்கரை இறங்கி உயிருக்கே ஆபத்து.' அந்த 'உயிருக்கே' என்ற வார்த்தை என்னுடையது. நீ பட்டையைக் குங்குமச் சிவப்பில் போட்டு, கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி, "எப்படிம்மா இருக்கு? கண்ணுல அடிக்குதுல்ல?" என்று கேட்டாய். அடித்தது. அவ்வளவு அழகாக இருந்தது.

அந்தப் பெருமையில்தான் நான் அந்தக் காரியம் செய்தேன். நம் விவேக் நகரில் பாதி வீட்டில் சர்க்கரை வியாதி, கம்ப்யூட்டர் இருக்கும் வீடோ விரல் விட்டு எண்ணிவிடலாம். கோவில் பக்கத்து பிரவுசிங் சென்டரில் போய் உன் பக்கத்தை ஒரு பிரிண்ட் எடுத்தேன். அதைக் கொண்டுபோய் ஜெராக்ஸ் போட்டேன். தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் ஜெபமாலை முடிந்து சுண்டல் கொடுக்கும்போது ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். "என் பையன் செஞ்சது, பத்திரமா வெச்சுக்கோங்க" என்று சொன்னேன். அந்தத் தாளை ஒரு தடவையாவது வாசித்துப் பார்த்தேனா? இல்லை. நானே எழுதியது எனக்குத் தெரியாதா என்ற நினைப்பு. சிலர் பிளாஸ்டிக் கவரில் போட்டு, மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்கள்.

அந்தோணி அண்ணனும் அப்படித்தான் வைத்திருந்தார். உனக்குத் தெரியும், இருந்தாலும் இதழில் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பின் தெருக்காரர், குடல் இறக்கம், சர்க்கரையும் உண்டு. அதே ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அங்கே முன்பெல்லாம் கையில் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். இப்போது கவுன்டரில் இருந்த பெண், "எல்லாம் வெப்சைட்ல இருக்குங்க, பாத்துக்குங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். அண்ணனின் மனைவி ரோஸி அக்காவுக்கு வெப்சைட் எதற்கு? மாதா படத்துக்குப் பின்னால்தான் தாள் இருக்கிறதே. அதில் இருந்தபடியே செய்தார்கள். ராத்திரி சாப்பாடு இல்லை. காலையில் வழக்கமான மாத்திரைகள், சர்க்கரை மாத்திரை உட்பட, ஒரு மடக்குத் தண்ணீரோடு. சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறும்போது அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டியிருக்கிறது, நாக்குக் குழறியிருக்கிறது. அப்படியே நடைபாதையில் விழுந்தார். சுற்றி நின்றவர்கள், "காலங்காத்தாலயே குடிச்சிட்டு வந்துட்டான் பாரு" என்று தாண்டிப் போனார்கள். ரோஸி அக்கா கத்தி அழுததைப் பார்த்து ஒரு துணிக்கடை பாய்தான் ஆட்டோவைப் பிடித்து ஏற்றிவிட்டார். குளுக்கோஸ் ஏற்றினார்கள், பிழைத்தார். ஆனால் விழுந்ததில் தலையில் நல்ல அடி. இன்றைக்கும் என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று மரியாதையாகக் கேட்கிறார்.

நான் பார்க்கப் போனபோது ரோஸி அக்கா அந்தத் தாளை எடுத்துவந்து காட்டினார். குற்றம் சொல்ல அல்ல. நான் ஏதோ சந்தேகப்படுவேனோ என்று, "பேப்பர்ல போட்டிருந்த மாதிரியேதான் டீச்சர் செஞ்சோம். ஒண்ணுகூட விடல" என்று சொல்லிக் காட்டினார். வாங்கிப் பார்த்தேன். மாத்திரை போட்டுக்கொள்ளலாம் என்ற வரி இருந்தது. அதற்குக் கீழே வெறும் இடம். இரண்டு விரல் அகலத்துக்கு, சுத்தமாக. அதற்குக் கீழே 'நகைகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வரவும்.' தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். திருப்பிப் பார்த்தேன். நான் எழுதிய வரி அங்கே இல்லை. அழிந்த தடம்கூட இல்லை. இருந்து அழிந்திருந்தால் யாராவது, இங்கே என்னமோ இருந்திருக்கிறது என்றாவது கேட்டிருப்பார்கள். வெறும் இடத்தைப் பார்த்து யார் கேள்வி கேட்பார்கள்?

நேரே பிரவுசிங் சென்டருக்குப் போனேன். திரையில் பார்த்தால் பட்டை இருக்கிறது, குங்குமச் சிவப்பு, வெள்ளை எழுத்து, என் 'உயிருக்கே'. பிரிண்ட் போட்டால் இல்லை. மறுபடியும் போட்டேன், மறுபடியும் இல்லை. எனக்குத்தான் மூளை பிசகிவிட்டதோ என்று பயந்துபோனேன். கடை வைத்திருக்கும் அம்மா, "ஒந்து நிமிஷ இருங்க டீச்சர்" என்று எட்டிப் பார்த்துவிட்டு, "அது அப்படித்தான். பின்னாடி இருக்கிற கலர் பிரிண்ட்ல வராது. மை வீணாகும்னு கம்ப்யூட்டரே விட்டுடும்" என்று சர்வ சாதாரணமாகச் சொன்னார். சிவப்பு போய்விட்டது, வெள்ளை எழுத்து வெள்ளைத் தாளில் நிற்கிறது. பேய்க் கதைக்கெல்லாம் நான் பயந்ததில்லை. அன்று அந்தக் கடையில், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு பயந்தேன்.

அன்று சாயங்காலம் உன்னிடம் சொன்னேன். உன் முகம் மாறியதை நான் பார்த்தேன், தம்பி. ஒரு நொடிதான். அப்புறம் நீ ஆபீஸ்காரனாகிவிட்டாய். "ஸ்க்ரீன்ல கரெக்டாதானேம்மா இருக்கு? கிளையன்ட் ஸ்க்ரீன்ல பாத்துதான் ஓகே பண்ணாங்க." அப்படியானால் காகிதத்துக்கு யார் ஓகே சொன்னது என்று கேட்டேன். "பிரிண்டுக்கு, பேப்பர்ல எப்படி விழணும்னு, தனி ஸ்டைல்ஷீட் எழுதணும். அது ரெண்டாவது கட்டத்துல இருந்துச்சு. ரெண்டாவது கட்டத்தையே கேன்சல் பண்ணிட்டாங்க." சரி, இப்போது எழுது என்றேன். நீ மெதுவாக, "இப்ப போய்த் தொட்டா ஏன் தொட்டேன்னு கேப்பாங்கம்மா. அந்தோணி அங்கிள் விஷயம் வெளியில வரும். என் ஆன்சைட்டே, அமெரிக்கா போறதே போயிடும். நான் போனப்புறம் வேற யாராச்சும் பாத்துப்பாங்க" என்றாய். வேற யாராச்சும் என்றால் யார் என்று கேட்டேன். நீ துணி மடிக்கப் போய்விட்டாய். உனக்குத் துணி மடிக்கவே தெரியாது.

நீ தெரியாமல் செய்திருந்தால் நான் இவ்வளவு பேச மாட்டேன். நீ இந்த வெப்சைட் படிப்புப் படித்துக்கொண்டிருந்தபோது, நான் கீரை ஆய்ந்துகொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்து எனக்கே பாடம் எடுத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? ஒரே பக்கம்தான், ஆனால் கம்ப்யூட்டர் திரைக்கு ஒரு உடுப்பு, காகிதத்துக்கு ஒரு உடுப்பு, செல்போனுக்கு ஒன்று, கண் தெரியாதவர்களுக்கு வாய்விட்டு வாசிக்கும் மெஷினுக்கு ஒன்று என்றாய். கோவிலுக்கு ஒன்று, ரிசப்ஷனுக்கு ஒன்றா என்று நான் கிண்டல் செய்தேன். நீ சிரிக்கவில்லை. "விளையாட்டில்லம்மா. நாம எந்த உடுப்பும் போடலன்னா, அந்த எடத்துல அது எப்படிப் போய் நிக்கும்னு நமக்கே தெரியாது" என்றாய். அன்றைக்கு உன்னைப் பார்த்து எனக்குப் பெரிய மதிப்பு வந்தது. அந்தப் பையனைத்தான் இப்போது தேடுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலவரம் நடந்தபோது நீ சின்னப் பையன். நம் வீட்டில் அப்போது டிவி இல்லை. பக்கத்து வீட்டு டிவி சத்தம்தான் சுவர் வழியாக நமக்குச் செய்தி. ஊரடங்கைக் கொஞ்ச நேரம் தளர்த்தியிருக்கிறார்கள் என்று கன்னடத்தில் வாசித்தது கேட்டது. வீட்டில் பால் பவுடர் இல்லை, உனக்குக் காய்ச்சல். அப்பா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எந்தெந்த ஏரியாவில் தளர்த்தவில்லை என்பதைத் திரையின் அடியில் எழுத்தாக ஓடவிட்டார்களாம், வாயால் சொல்லவில்லை. நம் ஏரியா அந்த எழுத்தில் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கண்ணால் பார்த்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இந்தப் பக்கம் காதால் கேட்டவர் தெருவில் இறங்கினார். யாரோ துரத்த, ஓடி, சாக்கடையில் விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டு அவர் தவழ்ந்து வந்ததை நீ கதவு இடுக்கில் நின்று பார்த்தாய். அன்றைக்கு யாரும் பொய்ச் செய்தி சொல்லவில்லை, தம்பி. செய்தி முழுசாக, சரியாகத்தான் இருந்தது. திரையைப் பார்க்க முடிந்தவர்களுக்கு.

அப்பாவுக்கு நான் இதை எழுதுவது பிடிக்கவில்லை. "விடு, பையன் சந்தோஷமாக் கெளம்பட்டும். நீ ஜெராக்ஸ் போட்டு ஊருக்கெல்லாம் குடுத்த, அவனா குடுத்தான்?" என்கிறார். நியாயம்தான். என் பங்கை நான் உன் தலையில் கட்டவில்லை. அதனால்தான் வீடு வீடாகப் போய்த் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறேன். பிச்சைக்காரியைப் போல வாசலில் நின்று, "அந்தப் பேப்பர் இருந்தாக் குடுங்களேன்" என்று கேட்கிறேன். சிலர் கொடுத்தார்கள். சிலர், "நல்லா இருந்துச்சேன்னு எங்க கொழுந்தனாருக்கு ஒண்ணு ஜெராக்ஸ் போட்டுக் குடுத்தேனே" என்றார்கள். கொழுந்தனார் கோலாரில் இருக்கிறார். அவர் யாருக்குக் கொடுத்தார் என்று யாருக்குத் தெரியும்? ஒரு வீட்டுத் தாள் அரக்கோணத்துக்குப் போயிருக்கிறது. நான் கொடுத்ததையாவது ஓரளவு துரத்திக்கொண்டு ஓடலாம். இந்த நிமிஷம் இந்த ஊரில் ஏதோ ஒரு பிரவுசிங் சென்டரில், ஏதோ ஒரு ஆபீஸில், அப்பாவுக்காகவோ மாமியாருக்காகவோ உன் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருப்பவர்களை எங்கே போய்த் துரத்துவேன்? அந்தப் பிரிண்டர் சத்தம் எனக்குக் காதிலேயே இருக்கிறது.

ரோஸி அக்காவிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் அந்த வீட்டில் காப்பி குடிக்க என்னால் முடியவில்லை. அறைவார் என்று நினைத்துத்தான் போனேன். அறைந்திருந்தால் தேவலை. கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார். பிறகு ரோஸி அக்கா கேட்டார்: "தம்பி ஊருக்குப் போறதுக்குள்ள சரி பண்ணிடும்ல டீச்சர்?" பண்ணிவிடுவான் என்று சொல்லிவிட்டு வந்தேன். உன்னைக் கேட்காமல் வாக்குக் கொடுத்துவிட்டேன். அம்மாவுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. எவ்வளவு ராப்பகலாகப் படித்து, எத்தனை இன்டர்வியூவில் வெளியே உட்கார வைக்கப்பட்டு, வைட்ஃபீல்ட் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் இந்த இடத்துக்கு வந்தாய் என்று பார்த்தவள் நான். நீ போக வேண்டும், நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் முழங்காலில் நிற்கிறேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், இனிமேல் எந்த ஊரில் என்ன செய்தாலும் கேட்டுக்கொள். நீ செய்வது உன் மேஜையில், உன் பெரிய திரையில், ஏ.சி. அறையில் எப்படி இருக்கிறது என்பது பாதி வேலைதான். அதை யாரோ மை தீரப்போகிற பிரிண்டரில் எடுப்பார்கள். உள்ளங்கை அகலத் திரையில் கண்ணைச் சுருக்கிப் படிப்பார்கள். இன்னொருவர் வாசிக்கக் காதால் கேட்பார்கள். அங்கெல்லாம் நீ கூட இருந்து, "இங்க ஒரு பட்டை இருக்கு பாருங்க" என்று சொல்ல முடியாது. வேலை போனால் வேறு வேலை வரும். இதை வெறும் சமாதானத்துக்காகச் சொல்கிறேன் என்று நீ நினைப்பாய். இல்லை. அந்தோணி அண்ணன் என்னை யாரென்று கேட்கும்போது அவர் முகத்தில் இருக்கும் அந்தச் சிரிப்பை நீ வந்து பார். நீ மூன்று நாளாக அந்தத் தெரு வழியாகப் போவதில்லை என்பதை நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இதுவரை நேற்று எழுதியது. முடித்துவிட்டுக் கவரில் போடலாம் என்று இருந்தேன். இன்று மத்தியானம் ஃபோன் அடித்தது. நீ ஆபீஸில், அப்பா தூக்கம். ஓசூரிலிருந்து ஒரு பெண். குரலை நான் கேட்டதே இல்லை. "டீச்சரம்மாங்களா? உங்களுக்கு என்னைத் தெரியாதுங்க. எங்க வீட்டுக்காரருக்கு நாளைக்குக் காலையில அங்க, இந்தப் பேப்பர்ல இருக்கிற ஆஸ்பத்திரியில ஆபரேஷன். உங்க பேப்பர் ஒண்ணு எங்களுக்குக் கெடச்சுது. ரொம்ப ஒத்தாசையா இருந்துச்சு, அதான் ஒரு வார்த்தை நன்றி சொல்லலாம்னு." நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். "அடியில எழுதியிருக்கே" என்றாள். ஆமாம், ஜெராக்ஸுக்குக் கொடுக்கும் முன் பெருமையோடு நான்தான் பேனாவால் எழுதியிருந்தேன். அது மட்டும் பளிச்சென்று விழுந்திருக்கிறது. அவருக்குச் சர்க்கரை உண்டா என்று கேட்டேன். "இன்சுலின் போடறாருங்க. அதுதான் பயமா இருந்துச்சு. வழக்கமா போடறதெல்லாம் போட்டுக்கலாம்னு இதுல போட்டிருக்கவும்தான் நிம்மதி ஆச்சு."

போட வேண்டாம் என்று கத்தினேன், தம்பி. அப்பா எழுந்து ஓடிவந்தார். அவளை நிதானமாகக் கேட்கவைத்து, இப்போதே ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்து டாக்டரிடம் கேள் என்று சொல்லி, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லி, அழுது, அவளையும் அழவைத்துத்தான் ஃபோனை வைத்தேன். அப்பா பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டார். அதற்குப் பிறகு அவர் உனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை.

அவள் சந்தேகம் கேட்கக் கூப்பிடவில்லை. சந்தேகப்பட அந்தத் தாளில் என்ன இருக்கிறது? நன்றி சொல்லத் தோன்றியது, அதனால் கூப்பிட்டாள், அதனால் அந்த மனிதர் தப்பினார். நன்றி சொல்லத் தோன்றாதவர்களும் நாளைக் காலையில் ஊசியை எடுப்பார்கள்.

உன் பெட்டியை நான் கட்டுகிறேன். நீ போய் அந்தப் பக்கத்தைத் திற.

அம்மா